பரிமாறுகிற தம்பிக்குச் சுவர்மணிக்கூடு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கினால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வசூல் நடக்கும். கல்முனையில் நாங்கள் பன்னிரண்டு பேர் வழக்கமாகக் காலைச் சாப்பாடும் மத்தியானப் பார்சலும் எடுக்கிற கடை ஒன்று இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது ஏதும் கொடுக்க வேண்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம். காசு சேர்ப்பதில் பிரச்சினை வந்ததே இல்லை. என்ன வாங்குவது என்பதில்தான் சண்டை. இம்முறை ஒருவர் சுவர்மணிக்கூடு என்றார், அதில் எங்கள் திணைக்களத்தின் பெயரையும் போட்டுக் கொடுக்கலாமாம். இன்னொருவர் கேக் என்றார். மூன்றாமவர் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீசேட், கடையில் போட்டுக்கொண்டு நின்றால் வடிவாக இருக்குமாம். நான் மூன்றுக்கும் குறுக்கே நின்றேன். அங்கே பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல அலுவலகங்களில், பாடசாலைகளில், வங்கிகளில் இதே வசூலும் இதே மணிக்கூடும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த மணிக்கூட்டையே எடுப்போம். அதை யார் வீட்டுக்குக் கொண்டு போவார்? ஒருவரும் கொண்டு போக மாட்டார். காசுப் பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டுவார்கள், முதலாளி நேரம் பார்ப்பார், பிந்தி வருகிற பொடியனை அதைக் காட்டியே ஏசுவார், எங்கள் திணைக்களத்தின் பெயரை வந்து போகிற சனம் முழுக்க வாசிக்கும். ஆக முதலாளிக்கு ஒரு மணிக்கூடு, எங்களுக்கு ஒரு விளம்பரம், வேலை செய்கிறவருக்கு ஒன்றுமில்லை. டீசேட்டும் அப்படித்தான், அது கடைக்குச் சீருடை, முதலாளி வாங்கிக் கொடுக்க வேண்டியது. கேக் பரவாயில்லை என்பார்கள். விடியப்புறம் நாலு மணியிலிருந்து எண்ணெய்ப் புகைக்குள் நிற்கிற ஆளுக்கு, நாள் முழுக்கச் சாப்பாட்டையே தொட்டுக்கொண்டு திரிகிற ஆளுக்கு, திரும்பவும் சாப்பிடுகிற சாமானையே கொடுத்தால் அதில் என்ன சந்தோசம் வரப் போகிறது? நின்ற நிலையில் ஆளுக்கொரு துண்டு வாயில் போடுவார்கள், மீதி கண்ணாடி அலுமாரிக்குள்ளே ரோல்ஸுக்கும் பற்றீஸுக்கும் பக்கத்தில் இருக்கும். விற்றாலும் விற்றுவிடுவார்கள். பகிடிதான், ஆனால் முழுக்கப் பகிடியும் இல்லை.

இதை அந்தக் கடையில் ரொட்டி போடுகிற காக்காவிடமே (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்) கேட்டுவிட்டேன். கேட்பது மரியாதை இல்லை என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள், பரிசு என்றால் திடீரென்று கொடுக்க வேண்டுமாம். அவர் ரொட்டிக்கல்லில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மிஸ், இஞ்ச வச்சித் திங்கிற சாமான் வேணா. ஊட்டுக்குக் கொண்டு போற மாதிரி ஒண்டு தந்தீங்கெண்டா புள்ளயளும் பாக்கும்." இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கிற பொருள் கடைக்குள்ளே தங்கக்கூடாது, அந்த ஆளோடு வீட்டுக்குப் போக வேண்டும். நான் பிடிக்கிற பிடி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அடுத்தது யாருக்குக் கொடுப்பது. எங்களுக்குத் தெரிந்தது பரிமாறுகிற தம்பி இரண்டு பேரையும்தான், அவர்கள்தான் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், சம்பல் கூட வைக்கிறவர்கள், சொதி முடியப்போகுது என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள். அதனால் பரிசென்றால் அவர்களோடு முடிந்துவிடுகிறது. நான் ஒரு நாள் கை கழுவப் போகிற சாட்டில் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து ஆட்களை எண்ணினேன். பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர், தேத்தண்ணி போடுகிறவர் ஒருவர், ரொட்டிக் காக்கா, கறி சமைக்கிறவர், அவருக்குக் கைக்கு உதவியாக ஒரு பொடியன், பின்பக்கம் சட்டி பானை கழுவுகிற அக்கா. காசுப் பெட்டியில் இருக்கிறவர் முதலாளியின் மச்சான், அவரை விட்டுவிடலாம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார், அவரை அந்தக் கடையில் சாப்பிடுகிற ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். காலையில் நாங்கள் சாப்பிடுகிற இடியப்பம் அந்தக் கடையில் அவிப்பது அல்ல. பக்கத்து ஊரில் ஒரு அக்கா வீட்டில் அவித்து, ஐந்தரை மணிக்குள்ளே பெட்டியில் அடுக்கி, ஓட்டோவில் அனுப்புகிறார். எங்கள் பக்கத்தில் பல கடைகளில் இதுதான் நடைமுறை. சிவப்பரிசி மாவை வறுத்து, கொதிதண்ணீர் விட்டுச் சூட்டோடு குழைக்க வேண்டும், ஆறினால் பிழிபடாது. பிறகு உரலில் அடைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தட்டுத் தட்டாகப் பிழிந்து, அடுக்கி அவிக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் பிழிகிறவருக்குத் தோள்மூட்டு என்ன பாடுபடும் என்று வீட்டில் இருபது இடியப்பம் பிழிந்த எவருக்கும் விளங்கும். மழை நாளில் விறகு நனைந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டும். "அந்தக் கடை இடியப்பம் பஞ்சு மாதிரி" என்று நாங்கள் புகழ்வது பரிமாறுகிற தம்பியின் காதில் விழுகிறது, அவிக்கிறவரின் காதில் ஒரு நாளும் விழுவதில்லை. அவரையும் சேர்த்தால் எட்டுப் பேர். பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் 12,000, ஒருவருக்கு 1,500 ரூபா வருகிறது. இது சின்னக் காசு இல்லை.

சரி, அந்த 1,500ஐ என்ன செய்வது? என்னைக் கேட்டால் காசாகவே கொடுங்கள். "காசு கொடுத்தால் டிப்ஸ் மாதிரிப் போய்விடும், பரிசு மாதிரி இராது" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஏன் இராது? வருடப்பிறப்பில் பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துக் காசு தருகிறபோது அதை டிப்ஸ் என்று யாராவது சொல்கிறோமா? கைவிசேடம் என்று வாங்கி, செலவழிக்காமல் பெட்டிக்குள் வைக்கிறோம். காசை மரியாதையாகக் கொடுக்க எங்களுக்கு ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வங்கியில் புதுத்தாள் மாற்றி, கடிதவுறைக்குள் வைத்து, மேலே அந்த ஆளின் பெயரை எழுதிக் கொடுங்கள். பெயரை எழுதுவது முக்கியம், ஏனென்றால் பெயரை எழுத வேண்டும் என்றால் முதலில் பெயரைக் கேட்க வேண்டும், வருடக்கணக்காகச் சாப்பிடுகிற கடையில் சட்டி கழுவுகிற அக்காவின் பெயர் எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கைவிசேட நேரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நில்லாதீர்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று பஞ்சாங்கச் சண்டை முடிவதற்குள் கடை பூட்டி எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரு கிழமை முந்திக் கொடுத்தால் அந்தக் காசு உடுப்புக்கு உதவும், வருடம் பிறந்த பிறகு கொடுத்தால் கடனுக்குத்தான் போகும்.

பொருளாகத்தான் கொடுப்போம் என்று நிற்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற முதல் யோசனை சாரம். இதற்குத் தூரம் போக வேண்டியதில்லை, கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் வந்தால் பாண்டிருப்புக்கு அடுத்தது மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்போன ஊர். மருதமுனைச் சாரம் உடுத்தத் தெரிந்த ஆண்பிள்ளை அதை வேண்டாம் என்று சொன்னதை நான் காணவில்லை. அளவுப் பிரச்சினை இல்லை, நெய்கிறவர் வீட்டுக்கும் நாலு காசு போகும். அக்காமாருக்குச் சேலை வாங்கப் போய் நிறத்தில் மாட்டுப்படாதீர்கள், நல்ல குடை ஒன்று போதும். எங்கள் பக்கத்தில் மாரி என்றால் கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் அடிக்கும், வெள்ளம் வீதியில் நிற்கும், அந்த நேரத்தில் விடியப்புறம் சைக்கிளில் வருகிறவர்களுக்கு ரெயின்கோட் எவ்வளவு பெரிய விஷயம் என்று காரில் வருகிறவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். ஆகவே ரெயின்கோட் என்றால் ஐப்பசியில் கொடுங்கள், சித்திரை வெயிலில் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அப்பியாசக் கொப்பி நல்ல பரிசு, அது மார்கழியில், புது வகுப்புத் தொடங்க முதல். செருப்பு, சப்பாத்து என்று ஆசையாக வாங்கப் போனால் கால் அளவு கேட்டு வாங்குங்கள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஈரச் சீமெந்தில் நிற்கிற கால்கள் அவை, அளவில்லாத செருப்பு வேலைக்கு உதவாது. போன் ரீலோட் போட்டுவிடலாம் என்று எங்கள் இளம் பிள்ளைகள் சொன்னார்கள். அதுவும் சரிதான், ஆனால் கையில் கொடுக்க ஒன்றுமில்லையே என்று எனக்கு ஒரு குறை.

தேத்தண்ணி போடுகிற தம்பி பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். எங்கள் பகுதிச் சாப்பாட்டுக் கடைகளில் மலையகப் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள், கடைக்கு மேல்மாடியிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள், ஊருக்குப் போவது தீபாவளிக்கும் சித்திரைக்கும்தான். இவருக்கு ஒரு நல்ல எருமைத் தயிர்ச் சட்டி கொடுத்து அனுப்பலாம் என்று ஒருவர் மனமுவந்து சொன்னார். செங்கலடியில் பஸ் ஏறி, மகாஓயா, பிபிலை என்று ஏறி இறங்கி வளைந்து போகிற வழியில், வருடப்பிறப்புச் சன நெரிசலில், மடியில் தயிர்ச் சட்டியோடு ஒரு மனிதன்! ஊர் போய்ச் சேர்வது ஓடும் மோரும்தான். தூரத்துக்குப் போகிறவருக்குக் கொடுப்பது பையின் அடியில் கிடந்து நசுங்கினாலும் பழுதாகாததாக இருக்க வேண்டும். நல்ல பை ஒன்றே கொடுக்கலாம். பஸ் காசைக் கொடுத்தாலும் சந்தோசம்.

ரொட்டிக் காக்காவுக்குச் சித்திரையில் கொடுப்பதில்லை என்று எங்களுக்குள் முடிவு. அவருக்கு நோன்புப் பெருநாளுக்கு. கடந்த சில வருடங்களாக இரண்டும் கிட்டக்கிட்ட வருகின்றன, 2024இல் ஏப்ரலில் ஒரே கிழமைக்குள் பெருநாளும் எங்கள் வருடப்பிறப்பும் வந்தன, அதனால் ஒரே வசூலில் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். பெருநாள் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டே போகிறது, இன்னும் சில வருடத்தில் தனியாகத்தான் காசு சேர்க்க வேண்டி வரும். எங்களுக்கு வசதி என்பதற்காக அவருடையதைச் சித்திரை வரைக்கும் பிற்போடக்கூடாது, பெருநாள் உடுப்பு பெருநாளுக்கு முதல்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் கொடுத்துத்தான் தீருவேன் என்பவர்கள் நோன்பு தொடங்கும்போது நல்ல பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொடுக்கலாம், வீட்டில் எல்லாரும் சேர்ந்து நோன்பு திறப்பார்கள். ரம் ஊற்றிச் செய்த கேக்கை, ஜெலட்டின் போட்ட இனிப்பை எல்லாம் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அவர் சிரித்துக்கொண்டு வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுவார். அதேபோல வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நேரத்தில் எங்கள் ஆட்களிலும் பலர் மச்சம் தொடுவதில்லை, முட்டை போட்ட கேக்கும் அந்த நாளில் வேண்டாம். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து, முதலாளி யார் என்று பார்த்துச் சாப்பிடப் போன மாதங்கள் இருந்தன, எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதங்களிலும் இந்தக் கடையில் ஒரே குசினிக்குள்ளே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்துதான் சமைத்தார்கள்.

கொடுக்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் முன்பு வேலை செய்த ஊரில், கடை ஒன்றில் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்லி முதலாளியின் கையில் ஒரு தொகையைக் கொடுத்திருக்கிறார்கள். அது போன மாதிரியே போனது, பிறகு விசாரித்தால் பொடியன்கள் அப்படி ஒரு காசு வந்ததே தெரியாது என்றார்களாம். எல்லா முதலாளிமாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் டிப்ஸ் டின் வைத்து இரவு கடை பூட்ட முதல் எல்லாருக்கும் முன்னால் எண்ணிப் பிரித்துக் கொடுக்கிற முதலாளிமாரும் இருக்கிறார்கள். ஆனாலும் கையில் கொடுப்பதுதான் நல்லது. முதலாளிக்குத் தெரியாமலும் கொடுக்கக்கூடாது, இல்லாவிட்டால் அந்தப் பொடியன் கடைக் காசில் கை வைத்தான் என்று நாளைக்கு ஒரு கதை வரும். "நாங்கள் இன்றைக்கு எல்லாருக்கும் சின்னதாக ஒன்று கொடுக்கிறோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய் நில்லாதீர்கள், அந்த நேரத்தில் பார்சல் கட்டுகிறவனுக்குப் பொன்னாடை போர்த்தினாலும் எரிச்சல்தான் வரும். மூன்று மணிக்குப் போங்கள், அப்போதுதான் அவர்கள் தாங்கள் சாப்பிட உட்காருவார்கள்.

பரிமாறுகிறவருக்குக் கூட, கழுவுகிறவருக்குக் குறைய என்று பிரிக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. சண்டையில் இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். "எங்களைக் கவனிப்பது அவன்தானே" என்கிறார்கள். பாசிக்குடாப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களில் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கிறார்களே, அது பரிமாறுகிறவருக்கு மட்டும் போவதில்லை, குசினிக்கும் அறை துப்புரவு செய்கிறவர்களுக்கும் சேர்த்துப் புள்ளிக் கணக்கில் பிரிப்பதுதான் ஹோட்டல்காரரின் வழக்கம். வெள்ளைக்காரன் கொடுக்கிற காசு குசினிக்குப் போகலாம் என்றால் எங்கள் கைவிசேடம் ஏன் போகக்கூடாது?

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் கொடுக்க வேண்டியதைக் குறைக்காதீர்கள். ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று சட்டம் வந்திருக்கிறது. சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், உங்களிடமிருந்து 12 வீதம் போக வேண்டும். சின்னக் கடைகளில் இதைப் பற்றிக் கதைத்தாலே "மிஸ், வந்த அலுவலைப் பாருங்க" என்பார்கள். நான் பார்க்கிற அலுவலே இதுதான், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அறுகம்பைப் பக்கம் சீசன் முடிந்து போகிற உல்லாசப் பயணிகள் உடுத்த டீசேட்டையும் தேய்ந்த செருப்பையும் ஹோட்டல் பொடியன்களுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குப் பயணப் பை பாரம், விடுகிறார்கள், சரி. நாங்கள் உள்ளூர்க்காரர், இங்கேயே இருக்கப் போகிறவர்கள், நாளைக்கும் அதே மேசையில் இருந்து அதே தம்பியிடம் பிளேன்டீ கேட்கப் போகிறவர்கள். அலுமாரியைத் துப்புரவாக்கிய பழைய உடுப்பை வருடப்பிறப்புப் பரிசு என்று கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் எங்களுக்குள்ளும் வந்துவிட்டது, அது வேண்டாம். பாவித்ததைக் கொடுக்க ஆசையென்றால் வேறொரு நாளில், தேவையா என்று கேட்டுக் கொடுங்கள்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். சித்திரையிலும் பெருநாளிலும் உங்கள் பத்திரிகையில் "ஊழியர்களுக்குப் பரிசு வழங்கும் நிகழ்வு" என்று படங்கள் வருகின்றன. ஒரு கடிதவுறையை நாலு அதிகாரிகள் பிடித்துக்கொண்டு நிற்க, ஏப்ரனோடு ஒரு பொடியன் நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பான். முகநூலில் போடுகிறவர்களை உங்களால் தடுக்க முடியாது, உங்கள் பக்கத்தில் வருவதைத் தடுக்கலாம். எங்கள் அலுவலகத்தில் இருந்தும் இந்த வருடம் அப்படி ஒரு படம் உங்களுக்கு வரக்கூடும், மணிக்கூட்டுக்காரர் விட மாட்டார். வந்தால் தயவுசெய்து போடாதீர்கள்.

இப்படிக்கு,
கல்முனையில் பணிபுரியும் வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.